லேமினேஷன் போட்ட பேஸ்பால் வீரர்கள்

1

எங்கள் ஊர்ப் பங்குச் சாமியார் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். திருவிழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். "வெளிநாட்டில் நீங்கள் படும் பாடுகளை நம் மக்கள் உணரும்படி உருக்கமாக எழுதுங்கள், ஜெசிந்தா" என்று கேட்டிருந்தார். உருக்கமாக என்ற சொல்லுக்குக் கீழே கோடு வேறு போட்டிருந்தார்.

பாடு இல்லை என்று சொல்லமாட்டேன். பஹ்ரைனுக்கு நர்ஸ் வேலைக்கு வந்தவள் நான். பாடு என்ன, பாட்டுப் புத்தகமே எழுதலாம். ஆனால் கல்ஃப் என்றாலே கண்ணீர் என்று ஊரில் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். கண்ணீரும் வேண்டும், பெட்டியைத் திறந்தால் சோப்பும் செண்டும் வேண்டும். இரண்டையும் நாங்கள்தான் சுமந்து வரவேண்டும். சாமி கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்தத் தடவை நான் அழப்போவதில்லை. நான் சேர்த்து வைத்திருக்கும் பேஸ்பால் அட்டைகளைப் பற்றி எழுதப்போகிறேன். மலரில் போட இஷ்டமில்லை என்றால் போடவேண்டாம்.

பேஸ்பால் என்பது அமெரிக்கர்கள் ஆடும் ஆட்டம். நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. ஒருவன் எறிவான், இன்னொருவன் உருட்டுக்கட்டையால் அடிப்பான், அடித்த கையோடு கட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடுவான். அந்த ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளை முன்னொரு காலத்தில் பபிள்கம் பொட்டலத்துக்குள் வைத்து விற்றார்கள். வருடத்துக்கு ஒரு செட். ஒவ்வோர் அட்டைக்கும் பின்னால் ஓர் எண் இருக்கும். முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை ஒன்று விடாமல் சேர்த்தால்தான் செட். ஒன்று குறைந்தாலும் அது வெறும் அட்டைக் கட்டுதான்.

நான் சேர்த்தது நான் பிறப்பதற்கு முன்னால் வந்த ஒரு வருடத்து செட். முழு ஆட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அதனால் என்ன? பிறந்த நாளிலிருந்து கடலைப் பார்க்காதவர்கள்கூடச் சங்கு சேர்க்கிறார்கள்.

2

ஆரம்பித்து வைத்தவர் மார்த்தா அம்மாள். அமெரிக்கக்காரி. பஹ்ரைனில் பிள்ளைகளுக்கு வெகுகாலம் பாடம் சொல்லிக்கொடுத்தவர். சர்க்கரை வியாதியால் காலில் வந்த புண்ணுக்கு மருந்து கட்ட எங்கள் கிளினிக்குக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவார். கட்டு அவிழ்க்கும்போது வலிக்கும். வலி தெரியாமலிருக்க அவர் தம்பியைப் பற்றிப் பேசுவார். தம்பி சின்ன வயதில் சேர்த்த அட்டைகள் தன்னிடம் இருப்பதாகச் சொல்வார். தம்பி இறந்துபோய் வெகுகாலம் ஆகிறது.

புண் ஆறியது. அவர் ஊருக்கே திரும்பிப் போக முடிவெடுத்தார். கடைசி நாள் ஒரு ஷூ பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "நான் சொன்னதையெல்லாம் முகம் சுளிக்காமல் கேட்டவள் நீ ஒருத்திதான்" என்றார். நோயாளிகளிடம் எதுவும் வாங்கக் கூடாது என்று கிளினிக்கில் விதி. பெட்டியில் என்ன என்று சூப்பர்வைசர் கேட்டாள். "பழைய காகிதம்" என்றேன். திறந்து பார்த்துவிட்டு அவளே மூடித் தந்தாள்.

அன்று டியூட்டி முடிந்து குதைபியாவில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து, ஓர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அங்கேயே விழுந்துவிட்டேன். முன்னால் முகம். பின்னால் உயரம், எடை, பிறந்த தேதி, பிறந்த ஊர், எந்தக் கைக்காரன், எத்தனை ஆட்டம், எத்தனை காயம். இது கேஸ் ஷீட் அல்லவா! இத்தனை வருடமாகக் கட்டிலின் காலடியில் தொங்கவிட்டு நான் தினமும் எழுதுவது இதைத்தானே! ஒரே வித்தியாசம், இந்த நோயாளிகள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பின்பக்கத்தில் ஒரு சின்னக் கேலிச்சித்திரமும் இருக்கும். ஆட்டம் இல்லாத குளிர்காலத்தில் அந்த ஆள் என்ன வேலை செய்கிறான் என்று வரைந்திருப்பார்கள். ஒருவன் வீட்டுக்குக் குழாய் போடுவான். ஒருவன் கோழி வளர்ப்பான். ஒருவன் பிணப்பெட்டிக் கடையில் கணக்கு எழுதுவான். அந்தக் காலத்தில் ஆட்டத்தில் வந்த சம்பளம் வருடம் முழுக்கக் காணாது போலிருக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பிறந்தது ஏதோ பட்டிக்காடு. சட்டையில் மார்புக்குக் குறுக்கே எழுதியிருப்பதோ வேறொரு பெரிய நகரத்தின் பெயர். அடுத்த வருடம் அவனை வேறு அணிக்கு மாற்றிவிட்டால் மார்பில் வேறு ஊர். என் கணவர் ததேயுஸ் கப்பல் பழுது பார்க்கும் யார்டில் வெல்டர். குளச்சலுக்கு அந்தப் பக்கம் பிறந்தவர். அவர் வேலைக்குப் போடும் கவரால் சட்டையின் நெஞ்சிலும் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கிறது. அதற்கு முன்பு ஓமானில் சோஹாரில் வேறொரு பெயர், அதற்கும் முன்பு கத்தாரில் ராஸ் லஃபானில் இன்னொன்று. எங்களுக்கு யாரும் அட்டை அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

3

மார்த்தா அம்மாளின் பெட்டியில் பாதி செட்தான் இருந்தது. மீதியைச் சேர்க்க எனக்கு நாலு வருடம் பிடித்தது. ஜுஃபேர் பக்கம் அமெரிக்கக் குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்பார்கள். மற்ற பெண்கள் மிக்ஸியையும் மெத்தையையும் பார்க்கப் போவார்கள். நான் பிள்ளைகளின் பழைய விளையாட்டுச் சாமான் கிடக்கும் மூலைக்குப் போவேன். அப்புறம் இன்டர்நெட்டில் பழக்கமானவர்கள் தபாலில் அனுப்பினார்கள். அவர்களுக்கு வேண்டியது என்னிடம், எனக்கு வேண்டியது அவர்களிடம். இரண்டு அட்டைக்கு ஓர் அட்டை என்று மாற்றிக்கொள்வோம்.

தபால் அலுவலகத்தில் பார்சலைப் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். கவுண்டரில் இருந்த பஹ்ரைனிக்காரர் அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார்.

"ஷினு ஹாதா, சிஸ்டர்? கமார்?" சூதாட்டச் சீட்டோ என்று அவருக்குச் சந்தேகம்.

"மாஃபி கமார். ஸ்போர்ட்ஸ்" என்றேன், சூது இல்லை என்று.

நம்பவில்லை. உள்ளே இருந்த பாகிஸ்தான்காரரைக் கூப்பிட்டார். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "யே சப் கௌன் ஹே? ஆப்கே ரிஷ்தேதார்?" என்று கேட்டார். இவர்களெல்லாம் உன் சொந்தக்காரர்களா என்று கிண்டல்.

"ஹாங் பாய். சப் மேரே பாயி ஹே" என்றேன். எல்லாரும் என் சகோதரர்கள்தான். கவுண்டரில் இருந்தவர் சிரித்து, கலாஸ், முடிந்தது என்று முத்திரை குத்தித் தந்துவிட்டார். அடுத்த தடவையிலிருந்து என்னைப் பார்த்ததும், "சிஸ்டர், உன் பிரதர்ஸ் வந்திருக்கிறார்கள்" என்பார்.

வீட்டில்தான் முத்திரை கிடைக்கவில்லை. மகள் ஷெரின் பத்தாம் வகுப்பு. தமிழ் கேட்டால் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். ஒரு நாள் என் தோழிகள் முன்னாலேயே, "அம்மா, யூ டோன்ட் ஈவன் நோ த ரூல்ஸ். இட்ஸ் ஸோ வியர்ட்" என்றாள். ஆட்டத்தின் விதியே தெரியாதவளுக்கு இது எதற்கு என்கிறாள்.

"ஒனக்க அப்பா டெய்லி கப்பல்ல வெல்டு வைக்காரு. அந்தக் கப்பலு எந்தத் தொறைக்குப் போவுதுன்னு அவருக்குத் தெரியுமாட்டி? வைக்காம இருக்காரா?" என்று கேட்டேன்.

தோழிகள் சிரித்தார்கள். ஷெரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆண்கள் கார் மாடல் சேர்க்கலாம், வாட்ச் சேர்க்கலாம், ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. நர்ஸம்மா அட்டை சேர்த்தால் மட்டும் மூளைக்குச் சூடு பிடித்துவிட்டதா என்கிறார்கள். கேட்கட்டும்.

கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி நின்றது. பெரிய ஆட்டக்காரனின் அட்டை இல்லை. அவனுடையது என்னிடம் இரண்டு இருந்தது. பாக்கி நின்றவன் ஒரு மாற்றுக் கேட்சர். கேட்சர் என்றால் நம் விக்கெட் கீப்பர் போல, அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவன். அவனுக்கு உடம்பு சரியில்லாதபோது குந்துகிறவன் இவன். பேர் தெரியாத ஆள். ஆனால் செட்டைப் பகுதி பகுதியாக அச்சடிப்பார்கள், இவன் அட்டை கடைசிப் பகுதியில் வருவது. அந்தப் பகுதி அச்சாகி வரும்போது விடுமுறை முடிந்து, பையன்கள் வேறு ஆட்டத்துக்குப் போயிருப்பார்கள். அதனால் குறைவாகத்தான் அடிப்பார்களாம். பேர் பெற்றவன் எங்கேயும் கிடைப்பான், பேர் இல்லாதவன்தான் கிடைக்கமாட்டான்.

இதை எனக்குச் சொன்னவர் வால்டர் என்ற அமெரிக்கர். வாசல் விற்பனை ஒன்றில் ஒரே பெட்டிக்கு இருவரும் கை நீட்டியதில் பழக்கமானவர். சேகரிப்பு விஷயத்தில் பழுத்த ஆள். அட்டையை விரல் நுனியால் ஓரத்தில் மட்டுமே தொடுவார். அந்தக் கேட்சர் அவரிடம் இரண்டு பிரதி இருந்தான். என்னிடம் இரண்டாக இருந்த பெரிய ஆட்டக்காரனைத் தந்தால் இவனைத் தருவதாகப் பேச்சு. அட்டையின் இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பியிருந்தார்.

பின்பக்கத்துக் கேலிச்சித்திரத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்துக்கு இரும்புக் கவசம் போட்ட ஒருவன் பொறி பறக்கக் குனிந்திருக்கிறான். குளிர்காலத்தில் இவர் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர் என்று கீழே எழுதியிருந்தது.

ததேயுஸிடம் சொல்லவில்லை. ஜனவரியில் எங்கள் கல்யாண நாள். அதற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, ஜுஃபேரில் ஒரு மண்டபத்தில் சேகரிப்பாளர்கள் கூடுகை. அங்கே எனக்கும் ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். வால்டர் அட்டையை அங்கே தருவார். செட் முழுமையாகும். ததேயுஸை நிற்கவைத்து, எல்லார் முன்னாலும் அந்த அட்டையைத் திருப்பிக் காட்டவேண்டும் என்று மனதில் போட்டு வைத்திருந்தேன். எனக்கு வேறு ஆசை இல்லை.

4

இங்கே லேமினேஷன் பற்றி இரண்டு கதை சொல்லியாக வேண்டும். ஒன்று என்னுடையது, ஒன்று ததேயுஸுடையது.

நான் நர்ஸிங் பாஸாகி டிப்ளமோ சர்டிபிகேட் வந்த அன்றே அப்பா அதை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார். நம் பக்கத்தில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் மாதிரி, சர்டிபிகேட்டுக்கு லேமினேஷன். அப்பா கடல்தொழில்காரர். காகிதம் என்றால் அவருக்குப் பயம், ஈரக்கை பட்டால் போச்சு என்பார். கண்ணாடி மாதிரிப் பளபளவென்று கொண்டுவந்து என் கையில் தந்தார்.

கல்ஃப் வேலைக்கு அதில் அரசாங்க முத்திரை வாங்கவேண்டும். சென்னையில் கவுண்டரில் இருந்தவர் அதைத் தட்டிப் பார்த்தார். "பிளாஸ்டிக் மேல நான் எப்படிம்மா சீல் அடிக்கிறது? உரிச்சு எடுத்துட்டு வா" என்றார். இஸ்திரிப்பெட்டியால் சூடு காட்டி உரித்தோம். பிளாஸ்டிக்கோடு சேர்ந்து என் பெயரும் உரிந்து வந்துவிட்டது. நகல் வாங்க வேண்டுமானால் அசல் தொலைந்துவிட்டது என்று போலீஸில் எழுதி வாங்கி வரவேண்டுமாம்.

"தொலஞ்சு போச்சுன்னு எழுதும்மா" என்றார் ஸ்டேஷன் ரைட்டர்.

"தொலையல்லியே சார். இந்தா இருக்கு" என்று காட்டினேன்.

"இருக்குன்னா ஒனக்கு எதுக்கு நகலு?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதப் பைக்குள்ள வை. இப்ப எனக்குத் தெரியல்ல பாரு. தொலஞ்சாச்சா?"

நகல் வருவதற்குள் எனக்கு வந்த வேலைக்கு வேறொருத்தி போய்விட்டாள். அந்த மாதங்களில் அப்பா என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அன்றிலிருந்து லேமினேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

அவர் கதை வேறு. சுனாமி வந்தபோது நாங்கள் இங்கே இருந்தோம். கிறிஸ்மஸுக்கு மறுநாள். கடற்கரையில் இருந்த எங்கள் வீட்டில் அவருடைய தம்பி குடும்பம் இருந்தது. கடவுள் புண்ணியத்தில் எல்லாரும் கோயில் பக்கம் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். வீடு தப்பவில்லை. அவர் எமர்ஜென்சி லீவு எழுதிக் கொடுத்துப் போனார். டிரங்குப் பெட்டிக்குள் எங்கள் கல்யாண ஆல்பம் கஞ்சிக் கூழாகக் கிடந்ததாம். வீட்டுப் பத்திரம், ஷெரினின் ஞானஸ்நானப் படம், எல்லாமே கூழ். சேற்றுக்குள் கையை விட்டுத் தேடியதில் ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. அவருடைய அக்காள் புருஷன் கல்யாணப் பரிசாக லேமினேட் செய்து தந்த படம். லுங்கியால் துடைத்தாராம். மாலையோடு நாங்கள் இருவரும் அப்படியே இருந்தோம். இப்போது அது எங்கள் டிவிக்கு மேலே தொங்குகிறது.

இரண்டு பேருக்கும் ஒரே பிளாஸ்டிக்தான். எனக்கு அது பெயரை உரித்தது, அவருக்கு முகத்தைக் காத்தது. இதை அன்றுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. புருஷன் பெண்டாட்டி எதையெல்லாமோ பேசுகிறோம், இதைப் போய் யார் பேசுவது?

5

ஆகஸ்டில் ஏசியிலிருந்து தண்ணீர் ஒழுகி அலமாரி நனைந்தது. ஆல்பத்தில் ஓர் அட்டையின் மூலை உப்பிவிட்டது. நான் ஒரு வாரம் அதையே சொல்லிப் புலம்பினேன். ததேயுஸ் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் கேட்டால் ஏதோ செய்யப்போகிறார் என்று அர்த்தம். எனக்குத்தான் உறைக்கவில்லை.

கல்யாண நாள் அன்று நான் டியூட்டி முடித்து வந்தபோது மேசையில் கேக் இருந்தது. பக்கத்தில் ரிப்பன் சுற்றிய இரண்டு ஷூ பெட்டிகள். அவர் குளித்து, புதுச் சட்டை போட்டு நின்றார். ஷெரின்கூட போனை வைத்துவிட்டு வந்து நின்றாள்.

ரிப்பனை அவிழ்த்து மூடியைத் திறந்தேன். என் ஆட்டக்காரர்கள் எல்லாரும் பிளாஸ்டிக்குக்குள் இருந்தார்கள். ஒவ்வொருவராகத் தனித்தனியே, சுற்றிலும் விளிம்பு விட்டு, மூலையை வட்டமாக வெட்டி. அடையாள அட்டை போலப் பளபளத்தார்கள்.

"ஷாஜிக்க கடையில குடுத்துச் செஞ்சேன்" என்றார் அவர். ஷாஜி எங்கள் தெருவில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் மலையாளி. "நீ டியூட்டிக்குப் போன மூணு சாயங்காலம் நானும் கூட நின்னேன். ஒண்ணும் வளையல்ல பாரு. இனி தண்ணி ஏறாது."

வால்டர் பல தடவை சொல்லியிருக்கிறார். இந்த அட்டைகளில் பசை பட்டால் போச்சு, மடிந்தால் போச்சு, லேமினேஷன் போட்டால் கொலை. அதைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது. எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவும் வேண்டாம்.

"கொன்னுட்டீங்களே" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. சிரித்த முகம் சிரித்தபடியே நின்றது. "என்ன ஜெசி?"

"எல்லாரையும் கொன்னுட்டீங்க. யாருட்ட கேட்டீங்க? நாலு வருசம் நான் ஒவ்வொண்ணா…" முடிக்க முடியவில்லை. எனக்கு அப்படி ஒரு கோபம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. கேக்கை வெட்டவில்லை. அவர் பெட்டிகளை மூடி, ரிப்பனை முன்பு இருந்தது போலவே கட்டிவைத்தார்.

இரண்டாவது பிரதிகள் வேறு உறையில் என் பீரோவில் இருந்ததால் அவர் கையில் அகப்படவில்லை. பெரிய ஆட்டக்காரன் அதில் பத்திரமாக இருந்தான். அந்த உறையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

6

கூடுகையில் மேசை என் பெயரில் போட்டிருந்தது. காலியாக விட எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலைப் பூசைக்குப் போய்விட்டு, பெட்டிகளோடு ஜுஃபேருக்குப் போனோம். அவர் பெட்டிகளைச் சுமந்து வந்தார். நான் முன்னால் நடந்தேன். ஷெரின் எங்களைத் தெரியாதவள் போல வாசல் பக்கம் நின்றுகொண்டாள்.

வால்டர் உற்சாகமாக வந்தார். சட்டைப் பையிலிருந்து கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த அந்தக் கேட்சரை எடுத்து என் கையில் தந்தார். நான் என் பெரிய ஆட்டக்காரனைக் கொடுத்தேன். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்ல சரக்கு என்றார். கை குலுக்கினோம். அட்டை மாற்றுகிறவர்களுக்குக் கை குலுக்கினால் முடிந்தது, அதற்குப் பிறகு பேச்சுக் கிடையாது.

அதற்குப் பிறகுதான் அவர் மேசையைப் பார்த்தார்.

ஒன்றை எடுத்தார். இந்தத் தடவை ஓரத்தைப் பிடிக்கவில்லை, முழுக்கையால் பிடித்தார். இன்னொன்றை எடுத்தார். பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். இவை செத்துவிட்டன, ஒரு சேகரிப்பாளனாக உனக்கு நான் துக்கம்தான் சொல்ல முடியும் என்றார் வால்டர். பிறகு கேட்டார். "எந்த முட்டாள் இதைச் செய்தான்?"

என் கணவர் காலிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில்தான் நின்றார். அவ்வளவு ஆங்கிலம் அவருக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டார்.

என் புருஷனை நான் திட்டுவேன். இன்னும் ஒரு மாதத்துக்குத் திட்ட என்னிடம் கைவசம் இருந்தது. அதற்காக வால்டர் திட்டுவாரா?

"என் கணவர் செய்தார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "வால்டர், உங்கள் வீட்டில் இந்த அட்டைகள் மேல்மாடிப் பெட்டியில் ஐம்பது வருடம் கிடந்தன. உங்களுக்கு வீடு போகவில்லை. விசா முடிந்து ஒரே பெட்டியோடு ஊர் மாறவில்லை. கடல் வீட்டுக்குள் வரவில்லை. எங்களிடம் உள்ளதெல்லாம் நனைந்திருக்கிறது. நனைந்ததைக் கையை விட்டுத் தேடி எடுத்தவர் இவர். அவருக்குத் தெரிந்த காவல் இது ஒன்றுதான். என் செட்டுக்கு அதைப் போட்டிருக்கிறார். இது சாகவில்லை. இது எங்கள் வீட்டு செட்."

இதைச் சொல்லும்வரை எனக்கே இது தெரியாது. வாயிலிருந்து வந்த பிறகுதான் சரி என்று பட்டது. வாசல் பக்கம் நின்ற ஷெரின் எப்போது மேசைக்கு வந்தாள் என்று கவனிக்கவில்லை. அப்பாவின் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். கலைந்து கிடந்த அட்டைகளை எண் வரிசைப்படி அடுக்க ஆரம்பித்தாள்.

வால்டர் கையிலிருந்த அட்டையை மேசையில் வைத்தார். அப்புறம் ததேயுஸின் பக்கம் திரும்பி, முட்டாள் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார். "ஆனாலும் செய்தது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன்" என்றார்.

"நினைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவர் என் கையிலிருந்த கேட்சரைப் பார்த்தார். "இந்த ஒன்றையாவது அப்படியே வைத்திருப்பேன் என்று எனக்குச் சத்தியம் பண்ணு."

"முடியாது."

"கை குலுக்கியாகிவிட்டது" என்றார் வால்டர் பெருமூச்சோடு. "அது உன்னுடையது." திரும்பித் தன் மேசைக்குப் போனார். கோபம்தான். ஆனாலும் வாக்கு மாறாத மனிதர். இன்றுவரை அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

7

குதைபியாவுக்குத் திரும்பியபோது கடைகள் திறந்திருந்தன. நான் வீட்டுப் படியேறாமல் ஷாஜியின் டைப்பிங் சென்டருக்குள் நுழைந்தேன். ததேயுஸ் பின்னாலேயே ஓடிவந்தார்.

"வேண்டாம் ஜெசி. எனக்குத் தெரியாமச் செஞ்சாச்சு. இது ஒண்ணாவது நல்லா இருக்கட்டு. அந்த ஆளு சொன்னாருல்லா?"

"அவரு சொன்னா அவருக்க அட்டையில வச்சுக்கட்டு."

"செட்டுன்னு நாலு வருசமா கெடந்து…"

"செட்டுன்னா எல்லாம் ஒண்ணுபோல இருக்கணும். ஒருத்தன் மட்டும் கரையில நின்னா அது செட்டா?"

ஷாஜி அட்டையை உறையிலிருந்து எடுத்தார். "சேச்சி, ஒரிஜினல் தானே? வேற காப்பி உண்டோ?" என்று கேட்டார்.

"இல்ல. போடுங்க."

பொய் சொல்லமாட்டேன், மெஷினின் வாயில் அட்டை நுழைந்தபோது அதை வெளியே இழுத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. உரிந்துபோன என் டிப்ளமோ நினைவுக்கு வந்தது. அப்பா நினைவுக்கு வந்தார். இந்தப் பக்கம் நுழைந்த அட்டை மெதுவாக அந்தப் பக்கம் வெளியே வந்தது. ஷாஜி விளிம்பு விட்டு வெட்டி, மூலைகளை வட்டமாக்கித் தந்தார். சூடாக இருந்தது. அதை அப்படியே ததேயுஸின் கையில் வைத்தேன்.

"பின்னால திருப்பிப் பாருங்க."

திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடையின் ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். முகக்கவசம் போட்டவன் பொறி பறக்கக் குனிந்திருந்தான். கீழே எழுதியிருந்ததை ஷெரின் அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வாசித்தாள். வாசித்ததைத் தமிழில் சொன்னாள். "அப்பா, இந்த ஆளும் வெல்டராம். கப்பல்ல."

அவர் என்னைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். கட்டைவிரலால் அந்தக் குனிந்த முதுகைத் தடவினார்.

"இனி தண்ணி ஏறாது" என்றேன்.